"ரெண்டு வட்டி"ன்னா எத்தனை சதவீதம்? பள்ளியில் பணத்தைச் சொல்லிக்கொடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

"ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?"

ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். முப்பத்தெட்டுப் பேர் இருந்த வகுப்பு. முக்கால்வாசிப் பேர் "ரெண்டு சதவீதம் சார்" என்றார்கள். சிலர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும், கையைக்கூடத் தூக்காமல், "இருபத்திநாலு" என்றான். அவன் அப்பா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குச் சரக்கு எடுக்க வட்டிக்கு வாங்குவது அவர்கள் வீட்டில் மாதாமாதம் நடப்பது.

நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய் என்பதுதான் ரெண்டு வட்டி. பன்னிரண்டால் பெருக்கினால் 24 சதவீதம். கணக்கு அவ்வளவு எளிது. ஆனால் வங்கி வருஷக் கணக்கில் பேசுகிறது, தெரு மாதக் கணக்கில் பேசுகிறது. இந்த இரண்டு பாஷைகளுக்கும் நடுவில் யாரும் பிள்ளைகளுக்குப் பாலம் போட்டுத் தருவதில்லை. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் "வாழ்வியல் கணிதம்" என்று ஓர் இயலே இருக்கிறது. சதவீதம், இலாபம், நட்டம், கூட்டு வட்டி எல்லாம் வரும். அதைப் போட்டு மார்க் வாங்கிய பிள்ளைகள்தான் இவர்கள்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கும் மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, சென்னைப் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் சனிக்கிழமைகளில் "பணமும் தொழிலும்" என்று வகுப்பு எடுக்கிறோம். இரண்டு வருஷம் ஆகிறது. இதில் கற்றுக்கொண்டது, படித்துப் பார்த்தது, தப்பாகச் செய்தது எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் என் கதை

பிள்ளைகளைச் சொல்வதற்கு முன்னால் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஓர் ஆயுள் காப்பீட்டுச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தேன். வருஷத்துக்கு 24,000 ரூபாய், இருபது வருஷம். மொத்தம் கட்டியது 4,80,000. முடிவில் கையில் வந்தது 8,30,000. "கிட்டத்தட்ட ரெட்டிப்பு" என்று வீட்டில் ஸ்வீட் வாங்கினோம்.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஐந்து சதவீதம்கூட முழுதாக வரவில்லை. அதே தொகை அதே இருபது வருஷம் எட்டு சதவீதத்தில் வளர்ந்திருந்தால் 11,86,000 வந்திருக்கும். வித்தியாசம் மூன்றரை லட்சம். யாரும் என்னை ஏமாற்றவில்லை, எல்லாம் பத்திரத்தில் எழுதித்தான் இருந்தது. படிக்காதவன் நான். அல்காரிதம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவனுக்கு, தன் சொந்தப் பணத்துக்கு ஒரு சின்ன லூப் எழுதிப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆகவே "ஏழைகளுக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லை, நாம் போய்ச் சொல்லித்தருவோம்" என்று யாராவது பேசினால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முதல் வருஷம் நானும் ஏறக்குறைய அந்த மனநிலையில்தான் போனேன் என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

வகுப்பு தொடங்கும் முன் கொஞ்சம் படித்தேன். "நிதிக் கல்வி கொடுத்தால் மக்கள் மாறுகிறார்களா?" என்ற கேள்வி பெரிய சண்டையே நடந்த இடம்.

2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற மூன்று பேர் அதுவரை வந்த 201 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வி விளக்குவது வெறும் 0.1 சதவீதம் என்று வந்தது. அதுவும் காலப்போக்கில் கரைந்துவிடுகிறது. எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலும் இருபது மாதம் போனால் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். தேவைப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் பயன் என்பது அவர்கள் யோசனை.

2022இல் கைசர், லுசார்டி, மென்காஃப், அர்பன் என்பவர்கள் இன்னொரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். இதில் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஆட்களை இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 76 சோதனைகள், 1,60,000க்கும் மேற்பட்ட ஆட்கள். இதில் அறிவும் கூடுகிறது, நடத்தையும் மாறுகிறது என்று வந்தது. முன்னவர்கள் சொன்ன அளவுக்கு வேகமாகக் கரைவதாகவும் தெரியவில்லை.

சரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு? எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது பிரேசில். 2010, 2011 ஆண்டுகளில் அங்கே 892 உயர்நிலைப் பள்ளிகளில், ஏறத்தாழ 25,000 மாணவர்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் கணக்கு, மொழிப்பாடம் போன்ற வழக்கமான பாடங்களுக்குள்ளேயே நிதிப் பாடத்தையும் கலந்து நடத்தினார்கள். வீட்டுப்பாடத்தை அப்பா அம்மாவோடு சேர்ந்து செய்ய வேண்டும். பிள்ளைகளின் அறிவு கூடியது, சேமிப்பு கூடியது, பட்ஜெட் போடும் பழக்கம் வந்தது. பெற்றோரின் அறிவும் கூடியது. ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அந்தப் பிள்ளைகள் கிரெடிட் கார்டு, தவணை போன்ற வட்டி அதிகமுள்ள கடனில் பொருள் வாங்குவதும் கூடியது! கடன் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டவன் அதை எடுத்துப் பார்க்கத் துணிகிறான்.

கதை அங்கே முடியவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அதே ஆட்களைக் கடன் பதிவுகளிலும் வேலைப் பதிவுகளிலும் தேடிப் பார்த்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ். நிதிப் பாடம் படித்தவர்கள் அதிக வட்டிக் கடனை மற்றவர்களைவிடக் குறைவாக வாங்கியிருந்தார்கள், தவணை தவறுவதும் குறைந்திருந்தது. கூடவே, சம்பள வேலையில் இருப்பவர்கள் சற்றுக் குறைந்து, சொந்தமாகச் சிறுதொழில் வைத்திருப்பவர்கள் சற்றுக் கூடியிருந்தார்கள். பணப் பாடமும் தொழில் பாடமும் ஒரே செடியின் இரண்டு கிளைகள் என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான்.

அமெரிக்காவிலிருந்து ஒரு தகவல், கணக்கு டீச்சர்களுக்குப் பிடிக்கும். கோல், பால்சன், சாஸ்திரி மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் தனிநபர் நிதிப் பாடத்தைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கணக்குப் பாடத்தைக் கூடுதலாக்கிய இடங்களில் பிள்ளைகள் வளர்ந்தபின் முதலீடும் கடன் கையாளலும் மேம்பட்டிருந்தன.

இதையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு: புத்திமதி வேண்டாம், கணக்கு போடுவோம். அதுவும் அவர்கள் தெருவில் நடக்கும் கணக்கு.

பாதி விதி

எங்கள் வகுப்பின் முதுகெலும்பு ஒரே ஒரு யோசனைதான். பிள்ளைகள் அதற்கு "பாதி விதி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன். வருஷத்துக்கு 12 சதவீதம் "ஃபிளாட்" வட்டி. அதாவது வட்டி 1,440. மொத்தம் 13,440. மாதம் 1,120 கட்ட வேண்டும். வட்டி எத்தனை சதவீதம் என்றால் எல்லோரும் 12 என்பார்கள், கடை போர்டிலும் அதுதான் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. வருஷம் முழுக்கப் பன்னிரண்டாயிரமும் உங்கள் கையில் இருந்ததா? இல்லை. மாதாமாதம் அசலில் ஆயிரம் ஆயிரமாகத் திருப்பிக்கொண்டே வந்தீர்கள். முதல் மாதம் உங்களிடம் இருந்தது 12,000, கடைசி மாதம் 1,000. சராசரி 6,500. அப்படியென்றால் 6,500 ரூபாயை ஒரு வருஷம் வைத்துக்கொண்டதற்கு 1,440 வட்டி. வகுத்துப் பார்த்தால் 22 சதவீதம். கம்ப்யூட்டரில் துல்லியமாகப் போட்டால் 21.5. போர்டில் இருந்த 12க்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு மடங்கு வித்தியாசம்.

தவணைக் கடன் என்றாலே, கையில் சராசரியாக இருப்பது ஏறக்குறையப் பாதிப் பணம்தான். ஆகவே உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதுதான் பாதி விதி. மனக்கணக்காகவே போடலாம்.

அடுத்து தண்டல். சென்னைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாய், நூறு நாள். "பத்து பர்சென்ட் சார்" என்றான் ஒருவன். பாதி விதியைப் போடு என்றேன். கையில் சராசரியாக 4,500. அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி. அதாவது நூறு நாளுக்கு 22 சதவீதம். வருஷத்தில் 365 நாள் இருக்கிறதே, 3.65ஆல் பெருக்கு. 81 சதவீதம். துல்லியமாகப் போட்டால் 78. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த யாரோ ஒருவர் தண்டல் வாங்கியிருப்பார்.

கூட்டு வட்டிக்கு 72ஐ வைத்துச் சொல்வோம். வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால், பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 வருஷம். மூணு வட்டி, அதாவது 36 சதவீதம் என்றால் 2 வருஷம். வட்டி கட்டாமல் விட்டு மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஏறினால், இருபத்திநாலு மாதத்தில் கடன் இரட்டிப்பு ஆகிவிடும். சேமிப்புக்கும் கடனுக்கும் ஒரே கணக்கு, பக்கம்தான் மாறுகிறது.

நான் செய்த தப்பு

முதல் வருஷம், தண்டல் கணக்கு நன்றாகப் போன உற்சாகத்தில், "உங்க வீட்டுல ஏதாவது லோன் கார்டு இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க, கணக்கு போடலாம்" என்று சொல்லிவிட்டேன். நிஜ உதாரணம் கிடைக்குமே என்ற ஆசை.

ஒரே ஒரு மாணவி கொண்டுவந்தாள். கவிதா என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் குழு லோன் கார்டு. முப்பதாயிரம், வாரம் 680, ஐம்பது வாரம். கட்டணம், காப்பீடு என்று 700 பிடித்துக்கொண்டு கையில் 29,300. நான் அதை அப்படியே போர்டில் எழுதினேன். மொத்தம் கட்டுவது 34,000, வட்டி 4,000. பாதி விதிப்படி 15,000க்கு 4,000, அதாவது 26 சதவீதத்தை ஒட்டி. பிடித்துக்கொண்ட 700ஐயும் சேர்த்தால் 31.

"இதையே பேங்குல நகைக்கடனா வாங்கியிருந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும் பாருங்க" என்று நான் பெரிய மனுஷன்போலச் சொல்லி முடித்தபோது, யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். கவிதா கார்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கணக்கு டீச்சர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சார், அவங்க வீட்டுல நகை ஏது? அந்தப் பொண்ணு ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல."

அப்புறம் டீச்சரோடு போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே இட்லிக் கடை. மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்.

"வட்டி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா சார்? தண்டலுக்கு இது எவ்வளவோ மேல். தண்டல்காரன் தினம் வந்து கடை முன்னாடி நிப்பான். இது வாரத்துல ஒரு நாள். மாவு அரைக்கிற மெஷினு வாங்குனேன், அது வந்தப்புறம் நாளைக்கு இருநூறு ரூவா கூட வருது."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அந்த அம்மாவுக்குக் கிடைக்கக்கூடிய கடன்கள் இரண்டு: ஒன்று 78 சதவீதம், இன்னொன்று 31 சதவீதம். அவர் சரியானதைத்தான் எடுத்திருக்கிறார். வாங்கிய கடனையும் சம்பாதித்துத் தரும் மெஷினில் போட்டிருக்கிறார். நாளைக்கு இருநூறு என்றால் வாரத் தவணை நாலு நாளில் வந்துவிடுகிறது. இருபது வருஷம் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாகப் பணத்தைத் தூங்கவிட்ட நான், அவரைத் திருத்தப் போயிருக்கிறேன்.

சதவீதக் கணக்கு தெரியாமல்கூட ஒருவரால் எது மலிவு, எது கொடுமை என்று வரிசைப்படுத்த முடியும். அவருக்குக் குறைவாக இருப்பது வழிகள். வகுப்பில் வட்டி மட்டும் சொல்லிக்கொடுத்து, வருமானம் என்ற பாதியை விட்டுவிட்டால், "உன் அம்மா தப்புப் பண்ணிட்டாங்க" என்ற பாடம்தான் பிள்ளையின் மனதில் நிற்கும். இது நிதிக் கல்வியின் உண்மையான ஆபத்து என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: வகுப்பில் யாருடைய வீட்டுக் கணக்கும் வராது. கணக்குகள் எல்லாம் "முருகன் ஸ்டோர்ஸ்" என்ற கற்பனைக் கடைக்குத்தான். வீட்டுக் கணக்கை வீட்டில் போட்டுக்கொள்ளலாம், எங்களிடம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதாக, எந்தக் கடனைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வர வேண்டும்: இதற்கு உண்மையான வட்டி என்ன? இதை விட்டால் வேறு என்ன வழி இருந்தது?

கவிதா மூன்றாவது வாரம் வந்தாள். அம்மாதான் அனுப்பி வைத்தார் என்று டீச்சர் சொன்னார்.

சுண்டல் கடையும் ஒளித்துவைத்த நட்டமும்

இனி தொழில் பக்கம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2021இல் "பிசினஸ் பிளாஸ்டர்ஸ்" என்று, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப் பணம் கொடுத்துக் குழுவாகத் தொழில் செய்யச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு நாங்களும் சின்ன அளவில் செய்தோம். ஆறு பேர் கொண்ட குழு, குழுவுக்கு 500 ரூபாய், பள்ளி விளையாட்டு விழாவில் ஒரு நாள் கடை.

சுண்டல் குழுதான் ஹீரோ. பட்டாணி, மாங்காய், தேங்காய், பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 430 செலவு. பத்து ரூபாய் வீதம் 82 கப் விற்று 820 வரவு. "முந்நூத்தித் தொண்ணூறு லாபம் சார்!" என்று குதித்தார்கள்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேஸ் யாருடையது? அம்மாவுடையது. சரி, 40 வைப்போம். பாத்திரத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? ஷேர் ஆட்டோ, 60. மீதி 290. எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? ஆறு பேர் நாலு மணி நேரம், அம்மா மூணு மணி நேரம். மொத்தம் 27 மணி. வகுத்தார்கள். மணிக்குப் பதினோரு ரூபாய்கூட வரவில்லை.

ஒரு பெண் உடனே கேட்டாள்: "அப்போ எங்கம்மா வீட்டுல செய்யற வேலைக்கெல்லாம் யாரு சார் கணக்கு போடறது?" இதற்கு எங்களிடம் பாடத்திட்டம் இல்லை. அந்த நாள் வகுப்பு அதிலேயே முடிந்தது, நல்லபடியாகத்தான்.

இன்னொரு குழு கையால் செய்த புக்மார்க் விற்றது. அவர்கள் 500 ரூபாயை அப்படியே திருப்பிக் கொடுத்து "லாபமும் இல்லை நட்டமும் இல்லை" என்றார்கள். எண் ரொம்பச் சுத்தமாக இருந்தது. நிரல் எழுதுகிறவனுக்கு இப்படிச் சுத்தமான எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரும். மெதுவாக விசாரித்ததில், 460க்குப் பொருள் வாங்கி, 15 ரூபாய் வீதம் 23 மட்டும்தான் விற்றிருக்கிறது. வரவு 345. நட்டம் 115. அதை ஆளாளுக்குக் கைக்காசு போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

தப்பு எங்களுடையது. நட்டம் வந்தால் யார் தலையில் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. பெரியவர்கள் கடையில் நட்டத்தை வீட்டுக்குத் தெரியாமல் கைமாற்று வாங்கி மூடுவதைத்தான் பிள்ளைகளும் செய்திருக்கிறார்கள். கைக்காசைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம் முழுக்க அந்த 115 ரூபாய்தான் பாடம். ஏன் விற்கவில்லை? விளையாட்டு விழாவுக்கு வருகிறவனுக்குப் பசி இருக்கும், புத்தகம் கையில் இருக்காது. முதலில் பத்து மட்டும் செய்து பார்த்திருந்தால் எவ்வளவு போயிருக்கும்? இந்தக் கேள்விகளுக்குச் சுண்டல் குழுவைவிடப் புக்மார்க் குழுதான் நல்ல பதில் சொன்னது. இப்போது எங்கள் விதி: நட்டத்தை எழுதிக் காட்டினால் அது எங்கள் பணம், ஒளித்தால்தான் பிரச்சினை.

இதிலும் ஆராய்ச்சி உண்டு. நெதர்லாந்தில் ஊஸ்டர்பீக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்லூரி மாணவர்கள் ஒரு வருஷம் மாதிரி நிறுவனம் நடத்தினார்கள். அவர்களுடைய தொழில் திறன் கூடவில்லை, சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை குறைந்தே போயிருந்தது! சிலர் இதைத் தோல்வி என்பார்கள். தொழில் என்றால் என்னவென்று அருகில் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்று பதினெட்டு வயதில் முடிவெடுப்பதும் லாபம்தான் என்பது என் கட்சி. அதே நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த இன்னொரு ஆய்வில் (2014), தொழில் பற்றிய அறிவு கூடவில்லை. ஆனால் துணிவு, விடாமுயற்சி போன்ற குணங்கள் கூடியிருந்தன. சின்ன வயதில் செய்வது நல்லது போலிருக்கிறது.

ஏன் பள்ளியில்?

"இதெல்லாம் வீட்டுல கத்துக்க வேண்டியது" என்று என் மாமா சொல்வார். உண்மைதான், சில வீடுகளில். நகரத்தார் லேவாதேவிக் கடைகளில் சின்னப் பையன்களைப் பெட்டியடியில் உட்காரவைத்துக் கணக்கு பழக்கி, அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக உயர்த்தினார்கள். பர்மா, மலேயா வரை பரவிய தொழிலுக்குப் பின்னால் அந்தப் பயிற்சி இருந்தது. வணிகக் குடும்பங்களில் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் வரவு செலவு பேச்சு காதில் விழும். அப்பா கூலி வேலைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போகும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பரம்பரையாக வராததைக் கொடுப்பதற்குத்தானே பள்ளிக்கூடம் இருக்கிறது.

இன்னொரு காரணம் கைப்பேசி. போன தலைமுறையில் பதினைந்து வயதுப் பையனை ஏமாற்ற ஒருவன் நேரில் வர வேண்டும். இப்போது கடன் ஆப், "டிரேடிங் கத்துக்கலாம் வாங்க" வீடியோ எல்லாம் பையிலேயே இருக்கிறது. வகுப்பில் வருஷா வருஷம் வரும் கேள்வி, "சார், ஆப்ஷன் டிரேடிங்ல தினம் ஆயிரம் சம்பாதிக்கலாமா?" நான் அறிவுரை சொல்வதில்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கை எழுதிப் போடுவேன். மூன்று வருஷத்தில் இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். "உங்க வகுப்புல முப்பத்தெட்டுப் பேர். எல்லாரும் இறங்கினா எத்தனை பேர் ஜெயிப்பீங்க?" அவர்களே போட்டுச் சொல்வார்கள்: மூணு பேர்கூட இல்லை.

இப்போது என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

எட்டு சனிக்கிழமைகள். மாத வட்டியை வருஷ வட்டியாக்குவது. பாதி விதி. 72. விலைவாசி (அப்பா காலத்து டீ விலையிலிருந்து தொடங்குவோம்). வங்கிக் கணக்கு: பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்திருக்கிறது. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியவில்லை. வங்கி மூழ்கினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதும் இதே வகுப்பில் வரும். பிறகு ஏமாற்று: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, கேட்டால் திருடன். ஏமாந்தால் உடனே 1930. கடைசி இரண்டு வாரம் கடை போடுவதும் கணக்கு முடிப்பதும்.

கூடவே ஒரு தாள் படிக்கக் கற்றுத்தருகிறோம். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, குழு லோன் போன்ற நுண்கடன் கொடுப்பவர்கள் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தகவல் தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். நான் போர்டில் வேர்த்து விறுவிறுத்துப் போட்ட கணக்கு, அந்தத் தாளில் ஒரே வரியில் இருக்க வேண்டிய விஷயம்.

போன மார்ச்சில் கவிதா அம்மாவுக்கு அடுத்த லோன். இவளும் கூடப் போயிருக்கிறாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, காப்பீட்டுக்கு ஏன் இரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று விளக்கியிருக்கிறார்கள். அம்மா யோசித்துவிட்டு, "இருக்கட்டும், ரெண்டும் வேணும்" என்று சொல்லிவிட்டாராம். வட்டி ஒரு பைசா குறையவில்லை. கடனும் வாங்கியாகிவிட்டது. "ஆனா அம்மா கேட்டுட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டாங்க" என்றாள்.

கவிதா இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை இருப்பதால் சனிக்கிழமை வகுப்புக்கு வர நேரமில்லை. ஜூலையில் புது ஒன்பதாம் வகுப்பு வருகிறது. முதல் கேள்வி அதேதான். இரண்டாவது கேள்வியாக இந்த வருஷம் என் காப்பீட்டுக் கதையைப் போடப்போகிறேன்: கட்டியது 4,80,000, வந்தது 8,30,000, இருபது வருஷம். சார் ஜெயித்தாரா, தோற்றாரா?